குடந்தையில் வேலை தேடிய இருவர்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



திருவிழாவில் உறவினர் கூடுகின்றனர். நலம் விசாரித்து முடிந்தவுடன் எழும் அடுத்த வினா எதுவென்பதை இங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் அறியும். ‘பையன் எங்கே இருக்கிறான்? பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டதா?’ கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். ஆயினும் அவ்வினாவுக்கு விடையில்லாத இளைஞன் அடுத்த ஆண்டு விழாவுக்கு வருவதில்லை. பூசைக்கு வராமல், பந்திக்கு வராமல், வீட்டின் பின்கட்டில் கைப்பேசியோடு அமர்ந்துவிடுகிறான். கரந்தையிலும் மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் தீபங்குடியிலும் ஜினாலயங்களை ஒட்டி வாழும் குடும்பங்களில் இன்று இக்காட்சி அரிதன்று. பாட்டனுக்கு 10 மா நிலம் இருந்தது. தந்தைக்கு அது பங்காகிப் பாதியாயிற்று. மகன் கையில் பட்டம் இருக்கிறது, நிலம் இல்லை. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் என்ன, திறவாவிட்டால் என்ன என்னும் நிலையில் அவன் வேலை தேடுகிறான்.

வேலை தேடுவதைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் பெங்களூரையும் அமெரிக்காவையும் காட்டுவர். அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. காவிரிக் கரையிலேயே, கும்பகோணம் அரசினர் கல்லூரியின் வாயிலிலேயே, வேலை தேடிய இருவர் வரலாறு நன்கு பதிவாகியுள்ளது. ஒருவர் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையரின் மகன் சாமிநாதர். மற்றவர் சாரங்கபாணி சந்நிதித் தெரு இராமானுஜன். ஒருவர் வேலைக்குச் சென்றதால் தமிழ்ச் சமணர்களின் பெருங்காப்பியம் அச்சேறிற்று. அதனால் முதலில் அவரைப் பார்ப்பதே முறை.

உ. வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் இசைவாணர், நிலையான வருவாய் இல்லாதவர். ஊர் ஊராகச் சென்று அன்பர்களின் ஆதரவில் குடும்பம் நடந்தது, கடனும் இருந்தது. அக்காலத்தில் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றவனுக்கே உத்தியோகம் என்பது ஊரார் எல்லாரும் அறிந்த செய்தி. தமிழ் படித்தால் சோறு கிடைக்காது என்று உறவினர் இடித்துரைத்தனர். இன்று ‘இந்தப் பாடத்தை எடுத்தாயே’ என்று உறவினர் சொல்லும் சொல்லும் அதே சொல்தான்; பாடத்தின் பெயர் மட்டுமே மாறியிருக்கிறது.

அவர் மாயூரத்திற்குச் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராக அமர்ந்தார். பாடம் கேட்டது சில ஆண்டுகள்தாம். 1876 பிப்ரவரி 1ஆம் நாள் ஆசிரியர் மறைந்தார். அப்போது சாமிநாதருக்கு 21 வயதுகூட நிறையவில்லை. பட்டம் இல்லை, சான்றிதழ் இல்லை, ஆங்கிலம் இல்லை, மணமாகியிருந்தது, குடும்பப் பொறுப்பு இருந்தது. கல்லூரி வேலை கிடைத்ததோ 1880இல். இடையில் நான்கு ஆண்டுகள்.

வேலை தேடுவோர் கூர்ந்து கவனிக்க வேண்டியது இந்த நான்கு ஆண்டுகளை. வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவர், கடக்கத் தக்கதன்று. திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் அவர் தங்கினார். தங்கியவர் சும்மா இருக்கவில்லை. தேசிகரிடம் மேலும் பாடம் கேட்டார்; இளைய மாணாக்கர்க்குத் தாமே பாடம் சொன்னார்; மடத்திற்கு வரும் வித்துவான்கள், அதிகாரிகள், பிரபுக்கள் முன்னிலையில் செய்யுள்களை இசையோடு படித்துப் பொருள் கூறினார். அதற்கு முன்பும் கடன் நெருக்கியபோது பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை என்னும் ஊருக்குச் சென்று திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்து பொருளீட்டியதுண்டு. இவற்றுள் எதுவும் ‘வேலை’ என்று பெயர் பெறவில்லை. ஆனால் கல்லூரி ஆசிரியர் நாள்தோறும் செய்ய வேண்டியது என்ன? ஒரு பாட்டை எடுத்துப் படித்தல், கேட்போர் உள்ளங்கொள்ள விளக்குதல், எதிர்பாராத வினாவுக்கு விடை சொல்லுதல். இம்மூன்றையும் அவர் வேலை கிடைப்பதற்கு முன்பே நாள்தோறும் செய்துகொண்டிருந்தார். வேலை வந்தபோது அவர் புதிதாகக் கற்க வேண்டியது மணியடித்தால் வகுப்பை முடிப்பது ஒன்றுதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அந்த வேலை எப்படி வந்தது? கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் தியாகராச செட்டியார். அவரும் பிள்ளையவர்களின் மாணாக்கர், சாமிநாதருக்கு மூத்தவர். உடல்நலம் குன்றியதால் ஓய்வு பெற எண்ணினார். தம் இடத்தில் யாரை வைப்பது என்று எண்ணும்போது அவர் உள்ளத்தில் தோன்றியவர் சாமிநாதர். காரணம், அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார் என்பதன்று. அவர் பாடம் சொல்வதை நேரில் அறிந்திருந்தார் என்பதாகும். காலியிடம் இருப்பது சாமிநாதருக்குத் தெரியாது. அதற்கு விளம்பரமும் இல்லை. இன்றும் தனியார் நிறுவனங்களில் பல இடங்கள் விளம்பரத்திற்கு முன்பே, ‘உனக்குத் தெரிந்த நல்ல ஆள் இருந்தால் சொல்’ என்னும் பேச்சில் நிரம்பிவிடுகின்றன. அப்பேச்சு நடக்கும் இடத்தில் பெயர் சொல்லப்பட வேண்டுமானால், செய்யும் வேலையை நாலு பேர் முன்பே பார்த்திருக்க வேண்டும். பின்கட்டில் ஒளிந்திருப்பவனின் பெயரை எவரும் சொல்ல முடியாது.

செட்டியார் திருவாவடுதுறைக்கு வந்து தேசிகரிடம் செய்தியைச் சொன்னார். தேசிகர் தயங்கினார். தயக்கம் இயல்பே. மடத்தில் பாடம் சொல்லவும் புலவர்களோடு அளவளாவவும் அருமையாக அமைந்த இளைஞர் அவர். அவரை இழக்க யார் விரும்புவர்? சாமிநாதருக்கும் ஆதரித்தவரை விட்டு நீங்க மனம் வரவில்லை. செட்டியார் விடவில்லை, எடுத்துரைத்து இசைவு பெற்றார். தேசிகர் ஆசி கூறி அனுப்பினார். பின்னர்க் கல்லூரி வேலையில் இருந்துகொண்டே சாமிநாதர் விடுமுறை நாள்களில் திருவாவடுதுறைக்குச் சென்று வந்தார். மடத்துத் தொடர்பு அறவில்லை. பழைய இடத்தைவிட்டு விலகும்போது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதும், கைப்பேசியை அணைத்துவிடுவதும் இன்று வழக்கமாகிவருகின்றன. அடுத்த நிறுவனத்தார் முதலில் விசாரிப்பது அந்தப் பழைய இடத்தில்தான் என்பதை இளைஞர் மறந்துவிடுகின்றனர்.

பரிந்துரை மட்டும் வேலையைத் தந்துவிடவில்லை. கல்லூரித் தலைவர் கோபாலராவ் முன்னிலையில் ஆசிரியர்கள் கூடி அவரைச் சோதித்தனர். என்ன படித்திருக்கிறார் என்று கேட்டனர். செய்யுள் படித்துப் பொருள் சொல்லச் சொன்னார்கள். அப்போதே புதிதாக ஒரு பாட்டு இயற்றித் தரச் சொன்னார்கள். அவர் இயற்றித் தந்தார். இவ்விடத்தைச் சற்று விரித்துப் பார்ப்பது நலம். ‘சிபாரிசு இருந்தது, கிடைத்தது, எனக்கு யார் இருக்கிறார்?’ என்று சலித்துக்கொள்வோர் பலர். செட்டியாரின் சொல் அவரைக் கல்லூரி வாயில்வரை கொண்டு சேர்த்தது. உள்ளே இருந்த நாற்காலியை அவரே பாட்டு இயற்றிப் பெற்றார். தகுதியில்லாதவனை உறவுக்காகப் பரிந்துரைப்பது ஒருவகைப் பொய். தகுதியுடையவனை அறிந்தும் பரிந்துரைக்காமல் வாளா இருப்பது ஒருவகைக் கருமித்தனம். செட்டியார் இரண்டையும் செய்யவில்லை.

1880ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், 25 வயது நிறைய இன்னும் மூன்று நாள் இருக்கையில், சாமிநாதையர் மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் பணியேற்றார். உத்தியோகம் கிடைத்துவிட்டது, கதை முடிந்தது என்று பலரும் எண்ணுவர். உண்மையான நேர்முகத் தேர்வு அதற்கு எட்டு மாதம் கழித்தே நடந்தது. கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் 1880 அக்டோபர் 21ஆம் நாள் சென்று கண்டார். என்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று சாமிநாதையர் நீண்ட பட்டியலைச் சொன்னார். கேட்டவர் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். இல்லை. சுவடியைக்கூடப் பார்த்ததில்லை.

படித்த பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், அது கேட்பவருக்கு வேண்டியதாக இல்லாவிட்டால் பயன் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி தமிழ் இலக்கிய வரலாற்றில் இல்லை. சாமிநாதையர் அன்று சினந்திருக்கலாம். ‘வேலைதான் கிடைத்துவிட்டதே’ என்று இருந்திருக்கலாம். அவர் சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுச் சென்று படிக்கத் தொடங்கினார். படித்தால் புரியவில்லை. நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமண சமயச் செய்திகள் விளங்கவில்லை. அவற்றைச் சொல்லித் தருவார் சைவ மடத்திலும் இல்லை, கல்லூரியிலும் இல்லை.

கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் இருப்பதை அறிந்து அவ்வீட்டைத் தேடிச் சென்றார். சென்ற நாளில் அங்கே ஒரு விழாக்கோலம். காரணம் கேட்டபோது, சிந்தாமணி பாராயணம் நிறைவெய்தியதைக் கொண்டாடுவதாகச் சொன்னார்கள். உலகம் மறந்துவிட்டது என்று எண்ணிய நூல் சில தெருக்களுக்கு அப்பால் ஒரு வீட்டில் பக்தியோடு ஓதப்பட்டுக்கொண்டிருந்தது. சந்திரநாத செட்டியாரும், வீடூர் அப்பாசாமி நயினார் என்னும் பெரியவரும் ஐயங்களைத் தீர்த்தனர். தொடர்ந்து பல நாள் அவர் அவர்களிடம் சென்று கேட்டார். வேற்றுச் சமயத்தவர் ஆயிற்றே என்று அவர்கள் மறைக்கவில்லை. ‘பவ்ய ஜீவன்’, அதாவது வீடுபேறு எய்தும் தகுதி பெற்ற உயிர் என்று அவரைப் போற்றினர். 1887இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வெளிவந்தது. அதன்பின் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்றுச் சென்றார்.

அவர் கும்பகோணத்தைவிட்டுச் சென்றதற்கு மறு ஆண்டு, 1904இல், அதே கல்லூரியில் ஒரு மாணவன் சேர்ந்தான். சிந்தாமணி அச்சான 1887ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில் பிறந்தவன், ஜவுளிக் கடைக் கணக்கரின் மகன், நகர உயர்நிலைப்பள்ளியில் கணிதப் பரிசு பெற்றவன், பெயர் இராமானுஜன். ஓராண்டு இடைவெளியில் தமிழாசிரியரும் கணித மாணவனும் ஒருவரையொருவர் தவறவிட்டனர். சந்தித்திருந்தாலும் பையன் தமிழ் வகுப்பில் தாளின் ஓரத்தில் கணக்குத்தான் போட்டிருப்பான் என்பது வேறு.

அவனுடைய வேலை தேடல் சாமிநாதையரினும் துன்பமானது. கணிதம் தவிர வேறெதையும் படிக்காததால் தேர்வில் தவறி உதவித்தொகையை இழந்தான். சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909இல் மணம் முடிந்தது. சாமிநாதருக்குப் பட்டமே இல்லை. இராமானுஜனுக்கோ தோல்வி என்னும் பதிவு இருந்தது. இல்லாமையைவிடத் தோல்வியைச் சுமந்து வேலை தேடுவது கடினம். ‘அரியர்’ என்னும் சொல்லை வீட்டில் எவரும் உரக்கச் சொல்லாமல் வாழும் குடும்பங்களுக்கு இது விளங்கும்.

அவர் கையில் இருந்தது நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே. 1910இல் அவற்றை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்கே துணைக் கலெக்டராக இருந்தவர் இராமசுவாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். இராமானுஜன் கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை. நோட்டைப் புரட்டிய இராமசுவாமி ஐயர், இவ்வளவு அறிவைத் தாலுகாக் கச்சேரியில் அடைத்துவைக்க மனம் வராமல், சென்னையில் தமக்குத் தெரிந்தவரிடம் அனுப்பினார். முன்பு கும்பகோணத்தில் இராமானுஜனுக்குப் பாடம் நடத்திய சேஷு ஐயர், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் என்று ஒருவர் மற்றொருவரிடம் அனுப்பினர். இராமச்சந்திர ராவ் முதலில் நம்பவில்லை. மீண்டும் மீண்டும் சென்று விளக்கியபின்பே நம்பினார். மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து தந்தார். ஒருவர் நம்பாவிட்டால் அவரிடமே மறுமுறை செல்லும் துணிவு இராமானுஜனிடம் இருந்தது. கூச்சம் மிக்கவர் என்று பலரும் எழுதியுள்ள மனிதர் அவர் என்பதை நினைவிற்கொள்க.

பிறர் பணத்தில் நெடுநாள் வாழ அவர் விரும்பவில்லை. 1912ஆம் ஆண்டு சனவரியில் கணக்குத் தலைமை அலுவலகத்தில் 20 ரூபாய்க்குத் தற்காலிக வேலை. பின்னர் பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அவ்விண்ணப்பம் இன்றும் கிடைக்கிறது. சில வரிகள்தாம். மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொல்கிறது, எஃப்.ஏ. வரை படித்ததைச் சொல்கிறது. சூழ்நிலையால் மேலே தொடர இயலவில்லை என்பதைச் சொல்கிறது. அதன்பின் காலம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டதைச் சொல்கிறது. இவ்வேலையைச் செவ்வனே செய்ய முடியும் என்னும் உறுதியைச் சொல்கிறது. தேறாததைத் தேறியதாகச் சொல்லவில்லை. அதற்காக அழவுமில்லை. கடிதத்தோடு மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த பரிந்துரையும் இருந்தது. ஓராண்டுக்கு முன்பே கணிதக் கழக இதழில் அவருடைய கட்டுரையும் வெளிவந்திருந்தது. 1912 மார்ச் 1ஆம் நாள் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் கணக்குப் பிரிவில் எழுத்தராகப் பணியேற்றார்.

அவ்வேலையைச் சிறிதென்று கருதுவோர் அங்கு இருந்தவர்களைக் கவனிக்க வேண்டும். மேலாளராக இருந்த நாராயண ஐயர் கணிதக் கழகத்தின் பொருளாளர். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். 30 ரூபாய்க்குமேல் அவ்விடம் தந்தது இவர்களின் துணை. அங்கிருந்துகொண்டே கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார். முதலில் எழுதிய இரு பேராசிரியர்களால் பயன் விளையவில்லை. 1913 சனவரி 16ஆம் நாள் ஹார்டிக்கு எழுதியதே பலித்தது. அக்கடிதத்திலும் தாம் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் குறைந்த ஊதியத்தில் இருக்கும் எழுத்தர் என்றே தொடங்கினார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது, 1914இல் கப்பலேறினார்.

இடையே ஒரு செய்தி, சமணர் செவிக்கு உரியது. இராமானுஜன் துறைமுகத்தில் பணியேற்ற அதே 1912இல்தான், 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சமண ஆசாரியர் மகாவீரரின் ‘கணித சார சங்கிரகம்’ சென்னையில் ரங்காசாரியரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாயிற்று. வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி இன்றைய இளைஞர் செய்யத் தக்கவை. இராமானுஜனின் நோட்டுப் புத்தகத்திற்கு ஈடாகத் தம் கையில் என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மதிப்பெண் பட்டியல் எல்லாரிடமும் இருக்கிறது. செய்து முடித்த ஒரு வேலை, எழுதிய ஒரு நிரல், வரைந்த ஒரு வரைபடம், ஒரு கடைக்குத் தயாரித்துக் கொடுத்த கணக்கு, ஓர் ஏக்கரில் நெல் இரகங்களை மாற்றிப் பார்த்து எழுதிவைத்த குறிப்பு ஆகியவை எத்தனை பேரிடம் உள்ளன? வேளாண்மை படித்தவருக்கு ஆடுதுறையில் 1922ஆம் ஆண்டு தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருக்கிறது. உணவுத் தொழில்நுட்பம் படித்தவருக்குத் தஞ்சையில் தேசிய நிறுவனமே இருக்கிறது. அங்குச் சென்று பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்டால், ‘அழைப்பு வரவில்லை’ என்பர். திருக்கோவிலூரிலிருந்து இராமானுஜனுக்கு அழைப்பு எதுவும் வரவில்லை.

விண்ணப்பம் எழுதுவதில் பொய் கூடாது. பொய்யாமையும் கள்ளாமையும் சாவகர்க்கு அணுவிரதங்கள். கோவிலில் மட்டும் காப்பதற்கு அல்ல. பார்க்காத வேலையைப் பார்த்ததாக எழுதுவதும், இணையத்தில் கிடைத்த வேறொருவரின் விவரக் குறிப்பைத் தன் பெயரில் இடுவதும் நேர்முகத் தேர்வின் மூன்றாவது வினாவிலேயே வெளிப்பட்டுவிடும். ஒரே குறிப்பை நூறு இடங்களுக்கு அனுப்புவதும் பயனற்றது. முதலியார் முன் சாமிநாதையர் சொன்ன பட்டியல் பொய்யன்று. ஆனால் அவர் கேட்டது அதுவன்று. அந்த நிறுவனம் என்ன செய்கிறது, அதற்கு எப்படிப்பட்டவர் தேவை என்று ஒரு நாள் செலவிட்டு அறிந்து, அதற்கேற்ப எழுதிய பத்து விண்ணப்பங்கள் போதும். கொல்லாமை நோன்புக்கு மாறான தொழில் எவையென்பதையும் நேர்முகத் தேர்வுக்குச் செல்வதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆணை கையில் வந்தபின் பேசுவது இரு தரப்பாருக்கும் சங்கடம்.

அரசுப் பணியை நாடுவோர் ஏராளம். நாடட்டும். ஆனால் தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவு ஐந்தாண்டுகளுக்கே செல்லும் என்பதும், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதும் பலருக்கு மறந்துபோகின்றன. நான்காம் தொகுதித் தேர்வில் தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு பெறாவிட்டால் மற்ற பகுதி கணக்கில் கொள்ளப்படுவதில்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள் இங்கேதான் இடறுகின்றனர். சிந்தாமணியைத் தந்த மரபில் வந்த குடும்பத்துப் பிள்ளை தமிழில் இடறினான் என்பது கேட்கவே பொறுக்காத செய்தி. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமின்றிப் பயிற்சி அளிக்கப்படுகிறது; ஆயிரக்கணக்கில் பணம் கட்டிச் சேரும் முன் அங்குச் சென்று பார்க்கலாம். தேர்வுக்குப் படிக்கும் ஆண்டுகளும் சாமிநாதையரின் நான்கு ஆண்டுகள் போன்றே அமைய வேண்டும். காலையில் படிப்பு, மாலையில் ஒரு சிறு வேலை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருப்பதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும் இழிவல்ல. ஐந்தாண்டு வெறுமையாக நின்ற விவரக் குறிப்பை விளக்குவதுதான் கடினம்.

வெளிநாட்டு ஆசை காட்டிப் பணம் பறிப்போர் டெல்டாவில் மிகுதி. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆளனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். அவர் பெறத்தக்க சேவைக் கட்டணத்திற்கும் வரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும். நகையை அடகு வைத்து இலட்சக்கணக்கில் கேட்பவரிடம் கொடுக்கும் முன் தாய்மார்கள் இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும். அரசு வேலைக்கு இடைத்தரகரிடம் பணம் கொடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் பணம் போயிற்று. கிடைத்தால் கள்ளாமை போயிற்று.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். பட்டம் பெற்ற மகளை ‘வரன் அமையும் வரை’ வீட்டில் இருக்கச் சொல்வது இன்னும் மறையவில்லை. வரன் அமைய மூன்றாண்டு ஆகும். அதற்குள் படித்தது பாதி மறந்துபோகும். பிறகு வேலை தேடுவது அவளுக்கு இரட்டைச் சுமை. இதைத் தாய்மாரைவிடத் தந்தையர்க்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

இறுதியாகப் பெரியோர்க்கு. இவ்விரு வரலாறுகளிலும் வேலை தேடிய இளைஞர் இருவர்தாம். அவர்க்காக நடந்தவர், எழுதியவர், ஐயம் தீர்த்தவர், தம் இடத்தையே விட்டுத் தந்தவர் பலர். சமண அறநூல்கள் சொல்லும் நால்வகைத் தானங்களில் சாத்திர தானமும் ஒன்று. கும்பகோணத்துச் சமண இல்லத்தார் ஒரு கல்லூரி ஆசிரியருக்குச் செய்தது அதுவே. வங்கியிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் மென்பொருள் நிறுவனத்திலும் இச்சமூகத்தவர் பலர் இருக்கின்றனர். ஓய்வு பெற்றோரும் உளர். தம் துறையில் எப்போது ஆள் எடுப்பர், என்ன கேட்பர் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை அறிய விரும்பும் பிள்ளைக்கு அவர்கள் யாரென்று தெரியாது. ‘பையன் எங்கே இருக்கிறான்?’ என்று கேட்பதோடு நிற்காமல், ‘என்ன படித்திருக்கிறான்? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பு, பேசிப் பார்க்கிறேன்’ என்று இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லலாம். ஜினாலய அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்து, ஒரு பக்கத்தில் வேலை தேடுவோர் பெயரும் படிப்பும், எதிர்ப்பக்கத்தில் வழிகாட்ட இசைவோர் பெயரும் துறையும் எழுதிவரலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதற்பக்கத்தை இன்றைய பூசை முடிந்தவுடன் எழுதத் தொடங்கலாம்.